தேடினால் சொல்லலாமா

போன வாரம் ஆட்டோவில் வந்துகொண்டிருந்தபோது சென்னையிலிருந்து தங்கை மகள் பேசினாள். "மாமா, மூங்கில் மண்டபம் தாண்டிட்டீங்க போல. மருந்துக் கடையில நிக்கலியா?" என் போனில் அவளே எதையோ தட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். நான் எங்கே நகர்ந்தாலும் அங்கே அவளுக்குத் தெரியும். அக்கறைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் பின்னாலிருந்து யாரோ தோளில் கை வைத்தது போல் இருந்தது.

அந்தத் திடுக்கிடலோடு ஒரு வாசனையும் வந்தது. சூடேறிய மைக் செட்டும் வாடிய சாமந்தியும் கலந்த வாசனை. எழுபதுகளில் ஒரு கருடசேவைக் காலை.

அப்போது நான் சென்னைக்குப் பஸ்ஸில் போய் மாலை வகுப்பில் ஒரு டிப்ளமா படித்துக்கொண்டிருந்தேன். தகவல் முறைத் திட்டமிடல் என்று பெயர். காஞ்சிபுரத்தில், எங்கள் பிள்ளையார்பாளையத்தில் அதைச் சொன்னால், "ரேடியோ ரிப்பேராப்பா?" என்று கேட்பார்கள். விளக்குவதைவிட ஆமாம் என்பது சுலபம். அதனால் ஊர்க்காரர்களின் பாடாத ரேடியோக்கள் இரண்டு வெகுநாள் எங்கள் வீட்டில் கிடந்தன.

கூடப் படித்தவன் அப்பாண்டைராஜ். திருப்பருத்திக்குன்றத்து ஜைனக் குடும்பம். அதிகம் பேசமாட்டான். ஒருநாள் எங்களைக் கம்ப்யூட்டர் பார்க்க அழைத்துப் போனார்கள். செருப்பைக் கழற்றச் சொல்லித்தான் உள்ளே விட்டார்கள். சித்திரை வெயிலில் உள்ளே மார்கழிக் குளிர். பீரோ பீரோவாக நின்றவை முனகிக்கொண்டிருந்தன. கும்பிடத் தூக்கிய என் கையை அவன்தான் பிடித்து இறக்கினான். பாடப் புத்தகத்தின் கடைசியில் அறம் பற்றி மெலிதாக ஓர் அத்தியாயம் இருந்தது. பரீட்சைக்கு வராது என்று எல்லோரும் விட்டுவிட்டோம். அவன் மட்டும் படித்தான்.

கருடசேவைக்கு ஊரே வழியும். காணாமல் போனவர்களுக்காகத் தொண்டர் குழு ஒன்று தேரடி, பஸ் நிலையம், ரயிலடி என மூன்று இடங்களில் பந்தல் போட்டு மைக்கில் அழைக்கும். தேரடியில் குழந்தை உட்கார்ந்திருக்கும். ரயிலடியில் தாய் அழுதுகொண்டிருப்பாள். ஒரு பந்தலின் குரல் மற்றொன்றுக்கு எட்டாது. படித்ததைச் செய்து பார்க்கக் கை அரித்ததால் நாங்கள் குழுத் தலைவரிடம் போனோம். ஜவுளிக்கடை வைத்திருந்தவர், தாராள மனசு. எங்கள் திட்டம் இதுதான்: வருகிறவரின் பெயர், ஊர், யாரைத் தேடுகிறார், எந்தப் பந்தலில் இருக்கிறார் எல்லாவற்றையும் கார்பன் வைத்துச் சீட்டில் எழுதுவது. சைக்கிள் தொண்டர்கள் நகல்களை மற்ற பந்தல்களுக்குக் கொண்டுபோவது. எந்தப் பந்தலில் கேட்டாலும் மூன்றிலும் யார் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

அன்று நாங்கள் இருவரும் தேரடிப் பந்தலில் இருந்தோம். விடிந்ததும் கருடன் மேல் பெருமாள் கோபுரம் தாண்டி வெளியே வந்தார். குடைகள் அசைய, கூட்டம் ஒரே உடம்பாகத் திரும்பியதைப் பார்த்து எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அதைவிட அதிகமாக, வெட்கத்தோடு சொல்கிறேன், எங்கள் சீட்டுகளைப் பார்த்துச் சிலிர்த்தது. திருப்புட்குழியிலிருந்து வந்த கண் தெரியாத பெரியவர் ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்து மோர் குடித்து முடிப்பதற்குள் அவர் தம்பி ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். "மந்திரம் மாதிரி இருக்குதுபா" என்றார் தலைவர்.

அப்போதுதான் கன்னியம்மா வந்தாள். திருமுக்கூடல் பக்கத்துப் பெண், இருபத்தைந்து வயது இருக்கும். கூட வந்த அக்காவைக் கூட்டத்தில் தவறவிட்டிருந்தாள். எழுதிக்கொண்டோம், பெஞ்சில் உட்காரச் சொன்னோம், நகல்கள் போயின.

கொஞ்ச நேரத்தில் பஸ் நிலையத்திலிருந்து சைக்கிள் தொண்டர் மூச்சு வாங்க வந்தார். "அண்ணே, பொருந்திடுச்சு. இந்தம்மாவ வூட்டுக்காரரு ரெண்டு மாசமா தேடிக்கினு இருக்காராம். நம்ம சீட்டப் பார்த்துட்டு இங்கதான் வந்துக்கினு இருக்காரு."

எனக்குத் தலைகால் புரியவில்லை. அக்காவைத் தேடி வந்தவளுக்குக் கணவனையே கண்டுபிடித்துத் தந்துவிட்டோமே என்று பெஞ்சை நோக்கி எழுந்தேன். அப்பாண்டைராஜ் என் சட்டையைப் பிடித்தான்.

"இரு. அந்தம்மாவக் கேட்டியா?"

"என்ன கேக்கறது?"

"அவரு வரலாமான்னு."

அவனே போய்க் கேட்டான். அவள் முகம் வெளுத்தது, ஆனால் அழவில்லை. முந்தானையை இழுத்து இடது கையை மூடிக்கொண்டாள். மூடுவதற்குள் மணிக்கட்டிலிருந்து மேலே ஏறிய சூட்டுத் தழும்புகளைப் பார்த்துவிட்டேன்.

"நான் காணாமப் போவலீங்க. விட்டுட்டு வந்துட்டேன்" என்றாள்.

அந்த ஐந்து சொல்லுக்கு எங்கள் திட்டத்தில் இடமே இல்லை. தேடப்படுகிறவர் எல்லோரும் கிடைக்க விரும்புகிறவர் என்று நினைத்து வரைந்திருந்தோம். அவள் இருக்கும் இடத்தை மூன்று பந்தலுக்கும் எழுதி அனுப்பியது அந்த மந்திரம்தான்.

தலைவருக்குச் சங்கடம். "புருஷன் தேடுறான், பொஞ்சாதி இங்க இருக்குது. சேர்த்து வெச்சா புண்ணியம்பா. குடும்ப விஷயத்துல நமக்கு என்ன?"

"தொலைஞ்சவங்களத்தான் ஐயா நாம சேர்க்கறோம். இந்தம்மா தொலையல" என்றான் அப்பாண்டைராஜ். குரல் உயரவில்லை. தலைவர் அவளை ஒருதரம் பார்த்தார். பிறகு தன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வண்டி ஒன்றைக் கூப்பிடத் தானே போனார்.

நல்லவேளை, எங்கள் நகல்களில் ஒன்று அக்காவையும் கொண்டுவந்து சேர்த்தது. "என் வூடு அந்த ஆளுக்குத் தெரியுமேப்பா" என்று அக்கா கையைப் பிசைந்தாள். அப்பாண்டைராஜ் இருவரையும் ரிக்‌ஷாவில் ஏற்றி, தன் அம்மாவிடம் விடத் திருப்பருத்திக்குன்றத்துக்குக் கூட்டிப்போனான். ரிக்‌ஷா சந்து திரும்பியது. சாமி வீதியில் வந்துகொண்டிருந்ததால் பஸ் நிலையப் பக்கத்துக் கூட்டம் அசையவில்லை. அந்தக் கூட்டம்தான் அவளுக்கு அவகாசம் கொடுத்தது.

பந்தலில் நான் தனியாக நின்றேன். வந்தவரை ராட்சசனாக எதிர்பார்த்தேன். சலவை வேட்டி, மெதுவான பேச்சு, கையில் வாழையிலையில் கட்டிய மல்லிகைப் பூ. "எங்கீங்க அவ? தண்ணி கூட குடிக்காம தேடுறேன்" என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கு ஒரு கணம் எல்லாம் ஆடிப்போயிற்று. நாங்கள் யார் இதைத் தீர்மானிக்க?

"இங்க யாரு வந்தாங்க, எங்க போனாங்கன்னு சொல்றதில்லீங்க. அவங்க சொல்லச் சொன்னா சொல்லுவோம்."

அவர் பூவை மேசைமேல் வைத்தார். பிறகு மேசையை ஓங்கி உதைத்தார். சீட்டுகள் சிதறின. "எவன்டா நீ என் பொண்டாட்டிய மறைக்க?" என்று என் சட்டையைப் பிடித்தபோது அந்த மென்மையான குரல் எங்கோ போயிருந்தது. தலைவரும் தொண்டர்களும் விலக்கிவிட்டார்கள்.  என் சந்தேகம் போய்விட்டது.

அப்பாண்டைராஜ் திரும்பி வந்ததும் முதல் வேலையாகச் சீட்டுகளைப் பொறுக்கினான். அதன்பின் எழுதுவதற்கு முன் ஒரு கேள்வி சேர்த்தோம்: உங்களை யாராவது தேடினால் சொல்லலாமா? எல்லோரும் சொல்லுங்கள் என்பார்கள் என்றே நினைத்தேன். பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் நல்ல பட்டுப்புடவை கட்டிய ஓர் அம்மாள் யோசித்துவிட்டு, "என் புள்ளைங்க கேட்டா வேணாம்பா. சாயங்காலம் வரைக்கும் இப்படியே இருக்கேன்" என்றார். ஓர் இளைஞன் கேள்வியைக் கேட்டதும் எழுந்து போய்விட்டான். சாமி பார்க்க வந்த கூட்டம் என்று நான் நினைத்ததற்குள், தொலைந்து போகவும் சிலர் வந்திருந்தார்கள். கருடன் மேல் பெருமாள் வந்தபோதுகூட எனக்கு அப்படிச் சிலிர்க்கவில்லை.

பரீட்சையில் அந்தக் கடைசி அத்தியாயத்திலிருந்து ஒரு கேள்வியும் வரவில்லை. கன்னியம்மா கொஞ்ச நாள் அப்பாண்டைராஜ் வீட்டில் இருந்து, பிறகு எங்கோ வேலைக்குப் போனாள். எந்த ஊர் என்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சாகும்வரை அவன் சொல்லவில்லை.

கருடசேவைக்கு இன்றும் ஊர் வழிகிறது. அந்தப் பந்தல்கள் இல்லை, தேவையும் இல்லை. கம்பத்துக்குக் கம்பம் கேமரா. அன்றைக்கெல்லாம் வருஷத்தில் ஒரு காலையாவது காஞ்சிபுரம் யாருக்கும் யாரையும் தெரியாத ஊராக மாறும். ஒரு பெண் இந்தப் பக்கம் கூட்டத்தில் நுழைந்து அந்தப் பக்கம் வேறொருத்தியாக வெளியே வரலாம். கூட்டம் அப்படியேதான் இருக்கிறது. அந்தப் பக்கம்தான் இல்லை.