கேட்காமல் வைத்திருந்த பேச்சு

தங்கப்பாண்டியன் செத்த பிறகும் அவனுடைய ஒரு பேச்சு அனுசுயாவுக்கு மிச்சமிருந்தது. கம்பம் ஊரிலிருந்து திராட்சை ஏற்றி அனுப்பும் கம்பெனியில் அவளுக்கு ஆபீஸ் வேலை. அவள் புருஷன் தங்கப்பாண்டியன் அங்கேயே லாரி டிரைவராக இருந்தான். லோடு ஏற்றியதும் டிரைவர்கள் கம்பெனி ஆப்பில் பேசி அனுப்ப வேண்டும். அதைக் கேட்டுக் கணக்கில் ஏற்றுவது அவள் பொறுப்பு. ஆபீசே கேட்குமே என்ற கூச்சமெல்லாம் அவனுக்குக் கிடையாது. "லோடு ஏத்தியாச்சு, தார்ப்பாய் கட்டியாச்சு, வாரேன் அனு" என்றுதான் முடிப்பான். புறப்படுகிற மனுஷன் போறேன் என்று சொல்லலாமா?

குமுளி மலைப்பாதையில் லாரி கவிழ்ந்த அன்று காலையில் இருவருக்கும் சண்டை. குழம்பில் உப்பு கூடியதற்கு ஒரு சண்டை! அவன் பேசி அனுப்பியதை வீம்புக்குத் திறக்காமல் விட்டாள். அப்புறம் திறக்கத் தைரியமில்லை. வாரேன் என்றானா, கோபத்தில் போறேன் என்றானா? கேட்கவும் பயம், அழிக்கவும் மனமில்லை.

இதற்குள் முதலாளிகளான அண்ணனும் தம்பியும் பாகம் பிரித்தார்கள். திராட்சை அண்ணனுக்கு, லாரி தம்பிக்கு. கிணற்றுத் தண்ணீரையே முறை வைத்துப் பிரிக்கிறவர்கள் ஆப்பை விடுவார்களா? அந்தந்தக் கம்பெனி ஆளுக்கு அந்தந்தக் கம்பெனி விவரம் மட்டும் தெரிகிற மாதிரி மாற்றிவிட்டார்கள். அனுசுயா திராட்சைக் கம்பெனி, தங்கப்பாண்டியன் லாரிக் கம்பெனி. காலையில் ஆப்பைத் திறந்தால் புருஷனைக் காணோம்.

அதன் பிறகு அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. லாரி ஆபீசுக்கு ஓடினாள். கம்ப்யூட்டர் முன்னால் லாரிக் கணக்குப் பார்க்கும் காமராஜ் இருந்தான்.

"அண்ணே, அவுக கடைசியா பேசுனத ஒருவாட்டி கேட்டுக்கிறேண்ணே."

"அங்கிட்டுக் கம்பெனி ஆளுக்கு எதையும் காட்டக் கூடாதுன்னு மொதலாளி சொல்லியிருக்காகம்மா. இங்கன கேமரா வேற இருக்கு."

அவள் அழுத அழுகை அவனுக்குத் தாங்கவில்லை. "நான் வேணா கேட்டுச் சொல்றேன்" என்று ஹெட்போனைக் காதில் மாட்டினான்.

அவள் அவன் முகத்தையே பார்த்து நின்றாள். கைநீட்டினால் தொடுகிற தூரத்தில் அவள் புருஷன் யாரோ ஒருவன் காதுக்குள் பேசிக்கொண்டிருந்தான். 

காமராஜ் ஹெட்போனைக் கழற்றினான். "லோடு ஏத்தியாச்சாம், தார்ப்பாய் கட்டியாச்சாம். வேற ஒண்ணுமில்லம்மா."

"கடைசியில வாரேன்னாகளா, இல்ல..."

"வாரேன்னுதாம்மா சொன்னாக" என்றான், அவள் முடிப்பதற்குள்.

காமராஜ் இரக்கமுள்ள மனுஷன். அதில் எது இருந்திருந்தாலும் அவன் இதைத்தான் சொல்லியிருப்பான் என்று அவளுக்குத் தெரியும்.