உலைக்குப் போன கோல்ஃப் பை

எழுபத்தைந்து, எழுபத்தாறு இருக்கும். நோன்பு மாசம். நடந்தது மகாபலிபுரத்திலிருந்து செங்கல்பட்டு வரும் வழியில்.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம். படிப்பு ஐந்தாவதோடு சரி. ஊர் படாளம் பக்கம். சின்ன வயசிலேயே மெட்ராஸ் போய், ஒரு கோல்ஃப் மைதானத்தில் ஆட வருகிறவர்களின் பையைச் சுமந்தேன். பார்த்துப் பார்த்து நானும் ஆடினேன். பிறகு அதுவே தொழிலாகிவிட்டது.

கோல்ஃப் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தலை வளைந்த நீளக் கம்பியால் சின்னப் பந்தை அடித்துத் தூரத்தில் இருக்கும் குழியில் போட வேண்டும். கம்பியை ஸ்டிக் என்போம். ஒரு பையில் பதினான்கு வரை வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றும் ஒரு தூரத்துக்கு.

நான் இடது கைக்காரன். தொல்லை அதுதான். வலது கைக்காரன் ஸ்டிக் எனக்கு ஆகாது. தலை எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும். அந்தக் காலத்தில் இடது கை ஸ்டிக் மெட்ராஸில் கடையிலும் கிடையாது, கடன் கேட்கவும் ஆள் கிடையாது. கம்பெனி உத்தியோகத்தில் இருந்த வெள்ளைக்காரர் ஒருவர் இடது கைக்காரர். ஊருக்குத் திரும்பும்போது தன் பையை அப்படியே எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அது இருந்ததால்தான் நான் ஆட்டக்காரன்.

அந்த வருஷம் மலேசியாவில் ஒரு போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தேன். அங்கே நன்றாக ஆடினால் சிங்கப்பூர், பாங்காக் என்று வரிசையாகக் கூப்பிடுவார்கள். மைதானத்துக்காரர்கள் சேர்ந்து விமான டிக்கெட் எடுத்துக் கொடுத்திருந்தார்கள். இந்த முறை போகாவிட்டால் இன்னொரு முறை யாரும் எடுத்துத் தர மாட்டார்கள். அதுவும் எனக்குத் தெரியும்.

பந்து மாட்டிக்கொள்ளட்டும் என்றே மைதானத்தில் தோண்டி வைக்கும் மணல்பள்ளம் மலேசியாவில் ஆழம், மணலும் பொலபொலவென்று இருக்கும் என்றார்கள். எங்கள் மைதானத்து மணல் கெட்டி. அதனால் புறப்படுவதற்கு முன் சில நாள் மகாபலிபுரம் கடற்கரைக்குப் போய் மணலில் அடித்துப் பழகினேன். வலை சரிசெய்துகொண்டிருந்தவர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு.

"அண்ணாத்த, மண்ணு மேல இன்னா கோவம்?" என்றார் ஒருவர்.

"பந்து மாட்டிகிச்சி."

"கையால எடேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு அடித்தேன்.

கடைசி நாள் பழகிவிட்டு மத்தியானத்துக்கு மேல் பஸ் ஏறினேன். செங்கல்பட்டு போய், அங்கிருந்து படாளம் போய், வீட்டில் சொல்லிக்கொண்டு, மறுநாள் மீனம்பாக்கத்தில் விமானம் ஏற வேண்டும்.

பையைக் கோணியில் போட்டுத் தைத்திருந்தேன். உப்புக்காற்று இரும்புக்கு ஆகாது. அதோடு, ஒரு தடவை பஸ்ஸில் போலீஸ்காரர் ஒருவர் துப்பாக்கியா என்று கேட்டு எல்லோரும் பார்க்கும்படி திறந்து காட்டச் சொல்லிவிட்டார். கோணியில் இருந்தால் யாரும் கேட்பதில்லை. கிளீனர் அதை வாங்கி பஸ் கூரைமேல் போட்டார். அங்கே கருவாட்டுக் கூடை, வாழைத்தார், இன்னும் சில கோணி மூட்டைகள் இருந்தன. நான் உள்ளே உட்கார்ந்து தூங்கிவிட்டேன். திருக்கழுக்குன்றத்தில் கூரைமேல் சாமான் இறக்கும் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டேன்.

செங்கல்பட்டில் கூரைமேல் ஏறிப் பார்த்தேன். நீளக் கோணி ஒன்று இருந்தது. தூக்கினேன். கனம் வேறாக இருந்தது. தையலைப் பிரித்தேன். உள்ளே துருப்பிடித்த கம்பிகள்.

கண்டக்டரிடம் ஓடினேன்.

"அது மகாபலிபுரத்துல கல் ஒடைக்கிற மேஸ்திரியோட மூட்டை," என்றார். "மெட்ராஸ்ல காயலாங்கடைக் கம்பியா வாங்கி அனுப்புவாரு. கழுக்குன்றத்துல ஆச்சாரி அத்த நேராக்கி, முனை போட்டு உளி பண்ணித் தருவாரு. ஆச்சாரி ஆளு வந்து எறக்கிகினு போனானே."

"எறக்கினது என்னுது."

கண்டக்டர் கோணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ரெண்டும் ஒரே மாதிரி கீதே நைனா."

நேராக்கி முனை போடுவார் என்ற சொல் மட்டும் காதில் நின்றது. என்னுடையது எல்லாமே வளைந்த தலை. நேராக்க வேண்டுமென்றால் முதலில் உலையில்தான் போடுவார்.

அந்த பஸ் அன்றைக்கு அதோடு நிற்கிறது. அடுத்தது எப்போது என்று சரியாகச் சொல்ல ஆளில்லை. கம்பி மூட்டையோடு நடைபாதையில் நின்றேன்.

பஸ் ஸ்டாண்டை ஒட்டி ஒரு சைக்கிள் கடை. அதன் சொந்தக்காரர் ஒரு பாய். நாற்பது வயசுக்கு மேல் இருக்கும். முன்பின் தெரியாதவர். நோன்பு திறக்க வீட்டுக்குப் போகக் கடையை மூடிக்கொண்டிருந்தார்.

"இன்னாப்பா, பேய் அறைஞ்சா மாதிரி நிக்கற?"

சொன்னேன். நாலைந்து வார்த்தையில் சொன்னேன். அவருக்கு விளங்கவில்லை.

"குச்சியால பந்து அடிக்கறதுக்கா மலேசியா கூப்பிடறான்?"

"ஆமா பாய்."

"வேற குச்சி வாங்கிக்கினா?"

"நான் பீச்சாங்கை. மெட்ராஸ்லயே வேற இல்ல."

அவர் என் இடது கையைப் பார்த்தார். பிறகு பூட்டைப் போட்டுவிட்டுக் கடைக்குப் பின்னாலிருந்து ஒரு பழைய மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"ஏறு."

"நோன்பு தொறக்கணுமே பாய். வூட்ல..."

"கஞ்சி ஆறிப்பூடும். அவ்ளோதானே. அந்த மூட்டையக் கெட்டியாப் புட்ச்சிக்க. என் முதுவுல குத்தாத."

ஏறினேன். வண்டி பாதி தூரம் ஓடியது, பாதி தூரம் இருமியது. மடியில் மேஸ்திரியின் கம்பி. இரண்டு பக்கமும் வயல். பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. பாய் ஒரு தடவைதான் பேசினார்.

"ஆச்சாரி சுறுசுறுப்பான ஆளா, சோம்பேறியா?"

"தெரியல பாய்."

"சோம்பேறியா இருக்கட்டும்."

திருக்கழுக்குன்றம் வந்ததும் விசாரித்துப் போனோம். ஓலைக் கொட்டகை. வாசலில் இறங்கும்போதே நாற்றம் வந்துவிட்டது. பிளாஸ்டிக் எரியும் நாற்றம். ஸ்டிக்கின் தலையும் தண்டும் சேரும் கழுத்தில் ஒரு பிளாஸ்டிக் வளையம் உண்டு. அதுதான் என்று எனக்குப் புரிந்துவிட்டது. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். உள்ளே போகவே பிடிக்கவில்லை. பாய்தான் தோளில் கைவைத்துத் தள்ளினார்.

உள்ளே சண்டை நடந்துகொண்டிருந்தது. ஆச்சாரி உலை முன்னால் உட்கார்ந்திருந்தார். துருத்தி ஊத வேண்டிய அவர் சம்சாரம் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி நின்றார்.

"நான் ஊத மாட்டேன். கொமட்டிகினு வருது."

"ஒண்ணு முட்ச்சேன். மீதிய முடிக்க வேணாவா?"

"நீயே ஊதி நீயே அடி. இந்த நாத்தத்துல என்னால ஆவாது."

"மேஸ்திரி வந்து கேட்டா?"

"அவர வந்து ஊதச் சொல்லு."

நான் சுற்றிலும் பார்த்தேன். சுவர் ஓரமாக என் பை சாய்ந்திருந்தது. ஸ்டிக்குகள் தரையில் வரிசையாகக் கிடந்தன. மரத்தலை வைத்த மூன்றும் தனியாக இருந்தன. உலைக்குப் பக்கத்தில் ஒன்று மட்டும் நேராகக் கிடந்தது. நுனி தட்டையாக, தோசைத் திருப்பி மாதிரி.

"அது என்னுது," என்றேன்.

பாய்தான் மேஸ்திரியின் மூட்டையை என்னிடமிருந்து வாங்கி ஆச்சாரி முன்னால் வைத்து, எல்லாவற்றையும் சொன்னார். கோல்ஃப் என்றால் என்ன என்பதையும் அவரே விளக்கினார். ஒரு மணி நேரத்துக்கு முன் அவருக்கே தெரியாது.

ஆச்சாரி எழுந்து நின்றுவிட்டார். "காயலாங்கடை சரக்குதான், எவனோ லாரியேத்தி எல்லாத்தையும் ஒரே பக்கமா கோணி வச்சிட்டான்னு நெனச்சேன்பா. நேராக்கறதுக்குள்ள உசுரு போச்சி. நல்ல இரும்பு."

"அப்பவே சொன்னேன்," என்றார் அவர் சம்சாரம். "கைப்பிடிக்கு ரப்பர் போட்டுகீது, இது வேற எதுவோன்னு. கேட்டாத்தானே."

"நீ நாத்தம்னு சொன்ன. ரப்பர்னு எப்போ சொன்ன?"

"ரெண்டும்தான் சொன்னேன்."

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். பதிமூன்று சரியாக இருந்தது. இரும்புத்தலை ஸ்டிக்குகளுக்கு நம்பர் உண்டு; போனது ரொம்பத் தூரம் அடிக்கிற இரண்டாம் நம்பர் இரும்பு. அதை வைத்து அடிப்பது ரொம்பக் கஷ்டம். பெரிய ஆட்டக்காரர்களே பயப்படுவார்கள். நான் அதை நேராக அடித்தது அபூர்வம். உலையில் போட ஒன்றை எடுத்துக்கொடு என்று என்னைக் கேட்டிருந்தால் அதைத்தான் கொடுத்திருப்பேன்.

அப்போதுதான் மூச்சு வந்தது. சிரிப்பும் வந்தது. அடக்க முடியவில்லை. மூன்று பேரும் எனக்குப் புத்தி கலங்கிவிட்டதோ என்று பார்த்தார்கள்.

"திருப்பி வளைச்சித் தரட்டா?" என்றார் ஆச்சாரி. முகம் வாடியிருந்தது.

"வேணாம். நீங்களே வச்சிக்குங்க."

எங்கேயோ பாங்கு சொல்லும் சத்தம் கேட்டது. பாய் வாசலுக்குப் போய்க் காது கொடுத்துக் கேட்டார். ஆச்சாரி சம்சாரம் ஒன்றும் கேட்காமல் குடத்திலிருந்து ஒரு சொம்பு தண்ணீரும், தட்டில் பொரியும் வெல்லமும் கொண்டுவந்து வைத்தார். பாய் கையைக் கழுவி, வாய்க்குள் ஏதோ சொல்லி, அந்தத் தண்ணீரைக் குடித்து நோன்பைத் திறந்தார். பிறகு வெல்லத்தை உடைத்து எனக்கும் கொடுத்தார். காலையிலிருந்து நானும் சரியாகச் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

திரும்பி வரும்போது பையை நான் கோணியில் போடவில்லை. திறந்தே முதுகில் மாட்டிக்கொண்டேன். செங்கல்பட்டில் பாய் என்னைப் படாளம் போகும் பஸ்ஸில் ஏற்றினார். பையைக் கூரைமேல் போடக் கூடாது என்று கண்டக்டரிடம் சண்டை போட்டு என் காலடியில் வைத்துவிட்டுத்தான் போனார்.

மலேசியாவில் பதிமூன்று ஸ்டிக்கோடு ஆடினேன். பதினான்குக்கு மேல்தான் போகக் கூடாது. குறைந்தால் குற்றமில்லை. ஒரே ஒரு இடத்தில் கை இரண்டாம் நம்பரைத் தேடியது. இல்லாததால் சின்னதாக அடித்துப் பத்திரமாகப் போனேன். கூட ஆடியவர் பெரிதாக அடித்து வழியில் இருந்த குளத்தில் போட்டார். நான் ஜெயிக்கவில்லை. ஆனால் சரியாக ஆடாதவர்களைப் பாதியிலேயே அனுப்பிவிடுவார்கள், என்னைக் கடைசி நாள் வரை ஆட விட்டார்கள். அது போதும். சிங்கப்பூருக்குக் கூப்பிட்டார்கள். அப்புறம் பாங்காக், மணிலா, ஹாங்காங். சில வருஷம் கழித்து ஜப்பான். ஒரு தடவை இங்கிலாந்து போய்க் குளிரில் நடுங்கிக்கொண்டே ஆடிவிட்டு வந்தேன். பெரிய பரிசு எதுவும் இல்லை. குடும்பம் நடந்தது. தங்கையின் கல்யாணம் நடந்தது.

முதல் தடவை திரும்பி வந்ததும் செங்கல்பட்டுக்குப் போனேன். பாய் ஒரு சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு செயின் மாட்டிக்கொண்டிருந்தார்.

"ஜெயிச்சியா?"

"இல்ல பாய்."

"குச்சி எல்லாம் பத்திரமா கீதா?"

"இருக்கு பாய்."

"அப்ப சரி," என்றார். செயினைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

எத்தனையோ ஊரில், ஆட்டத்தை நன்றாக அறிந்தவர்கள் வேலிக்கு அந்தப்பக்கம் நின்று எனக்குக் கை தட்டியிருக்கிறார்கள். ஆனால் இதெல்லாம் என்ன விளையாட்டு என்றே தெரியாமல், எனக்கு அது வேண்டும் என்பதை மட்டும் பார்த்து ஒருவர் பசியோடு வண்டியை எடுத்தாரே, அதனால்தான் நான் ஆடினேன். அன்றிலிருந்து யாராவது எதையாவது இழந்துவிட்டு நின்றால், அது என்ன ஏது என்று புரிந்துகொள்ள நான் காத்திருப்பதில்லை.