திருவடி கேட்டவன்

ஒரகடம் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் ஞாயிறுதோறும் நடக்கும் எழுத்து வகுப்பில் நானும், கம்பெனியில் வேலை பார்க்கும் என் மருமகள் கலைவாணியும் சேர்ந்திருந்தோம். வாரம் ஒரு கேள்வியை ஆசிரியை பலகையில் எழுதுவார். ஒருவர் தம் பதிலை வாசித்ததும், பக்கத்தில் இருப்பவர் அவரிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும்.

அந்த வாரக் கேள்வி: ‘உங்கள் வீட்டில் எந்த ஓசை நின்றால் மகிழ்வீர்கள்?’

கலைவாணி எழுந்து வாசித்தாள். “நைட் ஷிப்ட் முடிச்சு வந்து படுத்தா, எங்க மாமனார் பாட ஆரம்பிச்சுடுவாரு. ‘இந்த உலகம் போதும், உன் திருவடியில சேத்துக்கோ’ன்னு தெனம் சாமியக் கெஞ்சுவாரு. சாமி சீக்கிரம் சேத்துக்கினா, நானும் நிம்மதியா தூங்குவேன்.”

வகுப்பே சிரித்தது. “பெருசு, அப்ளிகேஷன் ஓகே ஆயிடுச்சு!” என்று பின்வரிசையில் ஒருவன் கத்தினான். அவள் பக்கத்தில் அமர்ந்திருந்தவன் நான்; கேட்க வேண்டியவனும் நானே.

“மனசாரத்தான் எழுதினியாம்மா?”

அவள் பார்வையைத் தாழ்த்தவில்லை. “நீங்க தெனம் சாமிகிட்ட மனசாரத்தான் கேக்கறீங்களா மாமா?”

சினம் மூண்டது, அதற்கும் அடியில் அச்சம் இருந்தது. பாசுரங்களைப் பிழையின்றி ஓதுபவன் என்று பெருமிதம் கொண்டிருந்த நான், கேட்டது கிடைத்துவிட்டால் என்னாகும் என்று ஒருநாளும் எண்ணியதில்லை.

மறுநாள் விடியலில் பாடுகையில், ‘உன் திருவடியில் சேர்த்துக்கொள்’ என்ற வரி வந்ததும் நிறுத்திவிட்டேன். ஷிப்ட் முடிந்து வந்தவள் பூசையறை வாசலில் நின்றாள்.

“இன்னா மாமா, நிறுத்திட்டீங்க? பயந்துக்கினீங்களா?” சிரித்தபடியே போய்ப் படுத்துக்கொண்டாள்.

என் வேண்டுதலை எங்கள் வீட்டில் உண்மையென்று நம்பியவள் அவள் ஒருத்திதான். நான் நம்பவில்லை என்பது இறைவனுக்கு எப்போதோ தெரிந்திருக்கும். அதை நினைக்கையில், இன்றும் விளக்கை நிமிர்ந்து பார்க்க முடிவதில்லை.