கணக்கில் சேராத ஞாயிற்றுக்கிழமை

மச்சாள் எங்கள் மொன்றியல் லாசால் வீட்டு வாசலில் குளிர்ச்சட்டையைக்கூடக் கழற்றாமல் நின்று, "மாமா, ரோமச் சட்டத்திலை ஒரு வழி இருக்கு" என்று அப்பாவிடம் சொன்னது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. சப்பாத்திலிருந்து உருகிய பனி விரிப்பில் ஊறிக்கொண்டிருந்தது. அப்பா தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். எங்கள் வீட்டில் அது பெரிய மரியாதை.

மச்சாள் அம்மாவின் அண்ணன் மகள். டவுன்டவுனில் பழைய ரோம வரலாறு படித்துவிட்டு இப்போது அதையே கற்பிக்கிறாள். செத்துப்போன ராச்சியத்தைப் படித்து என்னத்தை உழைக்கப்போகிறாள் என்று சொந்தக்காரர் எல்லோரும் ஒரு காலத்தில் அவளைக் குடைந்தெடுத்தார்கள். அவள் சிரித்துக்கொண்டு போய்விடுவாள். எனக்கு அந்தப் பொறுமை இல்லை.

அவளுடைய அப்பா, அதாவது என் மாமா, திருக்கணிதக்காரர். என் அப்பா வாக்கியம். யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: இரண்டும் பஞ்சாங்கங்கள், கணிப்பு கொஞ்சம் முன்பின் ஆகும். அந்தக் கொஞ்சம், மொன்றியல் நேரத்துக்கு மாற்றும்போது வருடப்பிறப்பையே ஒரு நாள் தள்ளி வைத்துவிடும். கோயில் கூட்டமொன்றில் இந்த இழுபறி முற்றி, "இனி ஒரு நாளும் உன்ரை வாசல் மிதியன்" என்று அப்பா எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். "வராட்டி எனக்கென்ன" என்றார் மாமா. இரண்டு பெரிய மனிதர்கள் சூரியனுக்காகச் சண்டை பிடித்தார்கள். சூரியன் தன் பாட்டில் போய்க்கொண்டிருந்தது. அதே நகரில் செயின்ட்-மிஷேலில் இருந்த தன் ஒரே அண்ணனோடு அம்மா பல வருடங்கள் தொலைபேசியில்தான் கதைத்தார், அதுவும் அப்பா வேலைக்குப் போன பிறகு.

அந்தக் குளிர்காலத்தில் மாமாவுக்கு இருதய சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்திருந்தார்கள். அதற்கு முன் எல்லோரும் ஒருமுறை ஒன்றாக இருந்து சாப்பிடவேண்டும் என்பது அம்மாவின் ஆசை. அப்பாவிடம் வாய்விட்டுக் கேட்கமாட்டார். சட்டி பானைகளைச் சத்தமாக வைப்பார். மச்சாளிடம் மட்டும் சொல்லியிருக்கிறார்.

"ரோமர் பெப்ரவரியிலை செத்த ஆக்களுக்குப் படைக்கிறவை," என்று தொடங்கினாள் மச்சாள். "படைச்சு முடிய, இருக்கிற சொந்தமெல்லாம் ஒண்டா இருந்து சாப்பிடுவினம். கோவத்தை அண்டைக்கு விட்டிடோணும்."

"அது அவையின்ரை பழக்கம், பிள்ளை. நான் சொன்ன சொல்லு?"

"அதுக்குத்தான் வந்தனான். லீப் வருசத்திலை அவை மாசக் கடைசியிலை நாள் கூட்டுறேல்லை. இருபத்திநாலாம் திகதியை ரெண்டு தரம் வைக்கிறவை. சட்டத்துக்கு ரெண்டும் சேர்ந்து ஒரே நாள். கூட்டின நாள் கணக்கிலை வராது. இந்த வருசம் அது வாற ஞாயிறு. கணக்கிலை இல்லாத நாளிலை வாசல் மிதிச்சா, நீங்கள் சொல்லுத் தவறேல்லை."

அவள் வேறு ஏதாவது காரணம் சொல்லியிருந்தால் அப்பா எழும்பிப் போயிருப்பார். ஆனால் நாள் கணிப்பு என்று வந்துவிட்டால் அவரால் அசட்டை பண்ண முடியாது. அது மச்சாளுக்குத் தெரியும்.

"கொப்பருக்கு இது தெரியுமோ?" என்று மாமாவைப் பற்றிக் கேட்டார்.

"ஓம். நண்டு வாங்கச் சொல்லிப்போட்டார்."

அந்த ஞாயிறு மாமா வீட்டில் நண்டு போட்ட கூழ். மாமாவும் அப்பாவும் முதலில் முகம் பார்க்கவில்லை. இரண்டாவது கோப்பையில், கூட்டின நாள் முதலாவதா இரண்டாவதா என்று அப்பா மச்சாளைக் கேட்டார். மாமா முதலாவது என்றார். அப்பா இரண்டாவது என்றார். அந்தக் காலத்து ரோமர்களே இதில் ஒத்துப்போகவில்லை என்று மச்சாள் சொன்னதும் இருவருக்கும் ஒரே சந்தோசம். பின்னேரம்வரை வாதாடினார்கள். அம்மா அண்ணனுக்குப் பக்கத்தில் இருந்து நண்டுக்கால் உடைத்துச் சாப்பிட்டார். அன்று நான் மிகவும் மகிழ்ச்சியாக இருந்தேன்.

மறுநாள் காலை தேத்தண்ணி குடிக்கும்போது, "நேற்று கணக்கில்லை" என்று அப்பா நினைவூட்டினார். எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. அதன் பிறகு அவர் மாமாவோடு கதைக்கவில்லை. சத்திரசிகிச்சையன்று அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனவர், காரிலேயே இருந்துவிட்டார். மாமா அதிலிருந்து எழும்பவில்லை.

சடங்குகளுக்கெல்லாம் அப்பா வந்தார். அவர் சொன்ன சொல்லை யாரும் ஞாபகப்படுத்தவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று மாமா வீட்டில் வைத்து, வருகிற வருடத் திவசத்துக்குத் திதி குறிக்க ஐயர் இரண்டு பஞ்சாங்கங்களையும் எடுத்தார். இரண்டிலும் வேறு வேறு நாள் வந்தது. எதைப் பார்ப்பது என்று கேட்டார். தகப்பனுக்கு ஒரே பிள்ளையான மச்சாள் அப்பாவைப் பார்த்தாள்.

"திருக்கணிதத்திலை பாருங்கோ," என்றார் அப்பா. "மச்சான் அதைத்தான் பாக்கிறவர்."