தரையைக் கூட்டும் திரை

அவரை எல்லாரும் டேப்புக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஜன்னல் திரை தைத்துக் கொடுக்கும் கடை வைத்திருந்தார். அளவெடுக்கும் டேப்பை மாலை மாதிரி கழுத்தில் போட்டுக்கொண்டே திரிவார். சாப்பிடும்போதும் கழற்றமாட்டார். கடவுள் முன்னால் கைகூப்பி நிற்கும்போதும் அது தொங்கிக்கொண்டுதான் இருக்கும். வேண்டுதலுக்கு நடுவே ஒரு கண்ணைத் திறந்து, அங்கே தொங்கும் திரையின் மடிப்பைப் பார்த்து, "எவனோ கத்துக்குட்டி தச்சிருக்கான்" என்று முணுமுணுப்பார். ஆண்டவன் பொறுமைசாலி.

அவரை இகழ வேண்டும் என்று இதைச் சொல்லவில்லை. இகழாமல் சொல்லத்தான் வழி தெரியவில்லை.

குடியிருந்தது சந்தைத் தெருவில், வாடகை வீட்டில். அவருடைய வாடிக்கைக்காரர்கள் இருந்ததெல்லாம் மேட்டுக் குடியிருப்பில். அங்கே ஏணியும் கையுமாகப் பெரிய பெரிய வீடுகளுக்குள் போய்வருவார். ஏணியோடு ஒரு வீட்டுக்குள் போனவன் அந்த வீட்டுக்கு உறவுக்காரன் ஆகிவிடமாட்டான் என்பது மட்டும் அவருக்கு உறைக்கவே இல்லை. மேட்டில் திரை மாட்டிவிட்டு இறங்கி வரும்போதே மூக்கைச் சுளிக்க ஆரம்பித்துவிடுவார். காய்கறிக்காரன் கூவினால் காட்டுமிராண்டி. பக்கத்து வீட்டுக்காரர் பனியனோடு வாசலில் நின்றால் நாகரிகம் தெரியாதவர். அவரும் வீட்டுக்குள் போனதும் பனியனோடுதான் உட்காருவார், அது வேறு விஷயம்.

தையல் முழுக்க அவர் மனைவி செய்வது. அவர் அளப்பார், வெட்டுவார், மாட்டுவார், பேசுவார். அவள் தைப்பாள். கொஞ்ச காலமாக அவளுக்குக் கண் சரியில்லை. பகல் வெளிச்சம் இருந்தால் ஊசிமுனை தெரியும். விளக்குப் போட்டுத் தைத்தால் கண்ணில் நீர் கொட்டும், தலை பிளந்துவிடும். "வெளிச்சமான ஜன்னலோரம் உட்கார்ந்து தைங்கம்மா, இல்லேன்னா தையலை மறந்துடுங்க" என்று கண் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தையலை மறந்துவிட்டு அவளால் இருக்க முடியாது. மிஷின் முன்னால் உட்கார்ந்தால்தான் அவளுக்கு மூச்சு சீராக வரும்.

இந்த நேரத்தில் வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டார். சொந்தமாக ஒரு ஃபிளாட் வாங்கிவிடுவோம் என்று முடிவானது. புரோக்கர் இரண்டு இடம் காட்டினான். விலை ஒன்றுதான். சந்தைத் தெரு முனையில் பழைய கட்டடம், மூன்று அறை. மேட்டில் புதுக் கட்டடம், ஒன்றரை அறை. அந்த அரை அறையைப் புரோக்கர் "ஸ்டடி" என்றான். ஒரு நாற்காலியைப் போட்டால் கதவைச் சாத்த முடியாது. டேப்புக்காரருக்கு அந்தச் சொல்லே போதுமானதாக இருந்தது.

"சந்தைப் பக்கம் மனுஷன் இருப்பானா? கதவைத் திறந்தா வெங்காயச் சருகு பறந்து வந்து கால்ல விழுது," என்றார்.

"இத்தனை வருஷம் நாம மனுஷங்களாத்தானே இருந்தோம்?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது. அட்ரஸ் சொன்னா நாலு பேர் நிமிர்ந்து பாக்கணும்."

"நல்லா நிமிர்ந்து பாக்கட்டும். நான் மிஷினை எங்க போடறது? வெளிச்சம் வருமா?"

"முன்ரூம் ஜன்னல் கதவு சைஸ் இருக்கு! நானே அளந்தேன்."

"சரிங்க, ஜன்னலுக்கு வெளியில என்ன இருக்கு?"

டேப்புக்காரர் கழுத்து டேப்பை இழுத்துவிட்டுக்கொண்டார். அந்த வீட்டுக்குப் பல முறை போய்வந்திருந்தார். கடை சாத்திய பிறகு, இருட்டும் நேரத்தில். போகும்போதெல்லாம் மேலிருந்து கீழே டேப்பை ஓடவிட்டார், கம்பி மாட்டும் இடத்தைத் தட்டிப் பார்த்தார், சுவர் துளை தாங்குமா என்று காதை வைத்துக் கேட்டார். ஜன்னல் என்றால் அவருக்கு நாலு பக்கச் சட்டம்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பது அவர் தொழில் இல்லை.

"வெளியில என்ன இருக்கும்? வெளிதான் இருக்கும்!" என்று கத்தினார்.

அதோடு விட்டாரா? வீடு கைக்கு வருமுன்பே கடையிலேயே உசத்தியான துணியை எடுத்து, மேட்டு வீட்டு ஜன்னல் அளவுக்கு வெட்டிப்போட்டார். வெட்டிய துணியை எந்தக் கொம்பனும் திரும்ப எடுக்கமாட்டான். அவள் அதைத் தைத்தும் கொடுத்தாள்.

மேட்டுக் கட்டடத்தில் ஒரு வழக்கம். வாங்க வருகிறவர்களைச் சங்கத் தலைவர் முதலில் பார்த்துப் பேசுவார், அவருக்குப் பிடித்தால்தான் மேற்கொண்டு பத்திரம். இரண்டு பேர் பெயரிலும் வாங்குவதால் இரண்டு பேரும் வரவேண்டும் என்று சொல்லியனுப்பினார்கள். ஒரு நாள் காலையில் போனார்கள். டேப்புக்காரர் புதுச் சட்டை போட்டிருந்தார். அதன் மேல் டேப்பும் போட்டிருந்தார். வாசலில் நின்ற காவலாளி டேப்பைத்தான் பார்த்தான்.

"அண்ணே, வேலைக்கு வர்றவங்க லிஃப்ட் பின்பக்கம்."

நான் வீடு வாங்க வந்திருக்கிறேன் என்று சொல்ல ஒரு நொடி ஆகாது. அவர் சொல்லவில்லை. பின்பக்கம் நடந்தார். குப்பைக் கூடைகளோடு மேலே போகும்போது மனைவியைப் பார்த்து, "எப்பவும் இதுலதான் வருவேன். நல்லா காத்தோட்டமா இருக்கும்," என்றார்.

அவள் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

தலைவர் ஓய்வு பெற்ற அதிகாரி. உட்காரச் சொன்னார், நாற்காலியின் நுனியைக் காட்டுகிற மாதிரி. "இங்க வீட்டுக்குள்ள தொழில் எதுவும் செய்யக்கூடாது. மிஷின் சத்தம், ஆள் நடமாட்டம், எதுவும் எங்களுக்கு ஆகாது. அம்மா என்ன பண்றாங்க?"

"வீட்லதான் சார். சும்மாதான் இருக்கா," என்றார் டேப்புக்காரர், சட்டென்று.

அவள் தன் இடது ஆள்காட்டி விரலைப் பார்த்தாள். ஊசி குத்திக் குத்தி அங்கே தோல் மரத்துக் கிடந்தது. சும்மா இருந்து வந்த காய்ப்பு.

"நல்லது. ஆமா, வந்ததுதான் வந்தீங்க, போன தடவை இங்க நீங்க மாட்டின திரை ஒரு பக்கம் இறங்கிடுச்சு. ஒரு கை பாத்துடுங்களேன்."

வீடு வாங்க வந்த மனிதர் நாற்காலி மேல் ஏறினார். ஏறியதோடு சிரிக்கவும் சிரித்தார். மனைவிக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் கொஞ்சம் மரியாதை மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம்.

அங்கிருந்து ஃபிளாட்டைப் பார்க்கப் போனார்கள். அவள் நேராகப் போய் முன்ரூம் ஜன்னலைத் திறந்தாள். எதிரே சுவர். கையை நீட்டினால் தொடலாம். பாசி பிடித்த குழாய் ஒன்று, யார் வீட்டுக் குளியலறை விசிறியோ ஒன்று, அவ்வளவுதான். பட்டப்பகலிலும் அந்த அறையில் தன் கை ரேகை அவளுக்குத் தெரியவில்லை.

"என்னங்க இது?"

டேப்புக்காரர் எட்டிப் பார்த்தார். முதல் முறையாக. சுவரைப் பார்த்தார், டேப்பைப் பார்த்தார். பிறகு சமாளித்துக்கொண்டார். "அதுக்குத்தானேம்மா திரை இருக்கு!"

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

"ஊர்ல இருக்கற ஜன்னலையெல்லாம் அளந்தீங்க. ஒரு ஜன்னல் வழியாவது வெளிய பாத்தீங்களா?"

"மெதுவாப் பேசு, யாராவது கேக்கப் போறாங்க."

"கேக்கட்டும். இங்க நான் கையெழுத்துப் போடமாட்டேங்க. சும்மா இருக்கறவ கையெழுத்து இந்த மாதிரி பெரிய இடத்துல செல்லாது. சந்தைத் தெருவுல செல்லும். அங்க போட்டுத் தரேன்."

சொல்லிவிட்டு முன்பக்க லிஃப்டில் இறங்கினாள். காவலாளி ஏதோ சொல்ல வந்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்துவிட்டான். டேப்புக்காரர் பின்பக்கமாக இறங்கி வந்து சேர்ந்துகொண்டார்.

கடைசியில் சந்தைத் தெரு முனை ஃபிளாட்டைத்தான் வாங்கினார்கள். அங்கே காலை முழுக்க வெயில் தரையில் படுத்துக் கிடக்கும். அவள் மிஷினைப் போட்ட முதல் நாள், மூக்குக்கண்ணாடி இல்லாமலே ஊசியில் நூல் கோத்தாள். "கடவுளே, போதும்," என்றாள்.

மேட்டு வீட்டுக்கு வெட்டிய திரையை வீணாக்க மனமில்லாமல் டேப்புக்காரர் இங்கே மாட்டினார். ஜன்னல் சின்னது, திரை தரையில் குவிந்து கிடந்தது. சாமான் இறக்க வந்த அவளுடைய தம்பி அதைப் பார்த்துவிட்டு, "என்ன மாமா, திரைக்குப் பாவாடை கட்டிவிட்டிருக்கீங்களா?" என்றான்.

"கொஞ்சம் மடிச்சு அடிச்சுக் குடேன்," என்று மனைவியிடம் கெஞ்சினார்.

"நான்தான் சும்மா இருக்கேனே," என்றாள் அவள், மிஷினை நிறுத்தாமலே.

இன்னும் மடித்து அடிக்கவில்லை. விடிந்ததும் அவள் திரையை ஓரமாகத் தள்ளிவிடுவாள். அது வெங்காயச் சருகைக் கூட்டிக்கொண்டு போய் மூலையில் கிடக்கும். அவருக்கு அடிக்கடி கால் தடுக்கும். வருகிறவர்கள் கேட்டால், பெரிய வீடுகளில் இப்போது இப்படித் தரையில் புரளவிடுவதுதான் நாகரிகம் என்பார். வீடு எங்கே என்று கேட்டால், மேட்டுக் குடியிருப்புக்குப் போகிற வழி என்பார். அதுவும் பொய் இல்லை. அந்த வழியாகத்தான் தினமும் ஏணியைத் தூக்கிக்கொண்டு போகிறார்.