ஃப்ளாப்பியில் என் பெயர்

"தப்பு யாருடையதும் இல்லை சார்."

அன்று நான் சொல்லாத வாக்கியம் இது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. அம்பத்தூர் எஸ்டேட்டில், இரும்பைச் சூடாக்கும் உலைகள் செய்கிற சின்னக் கம்பெனி.

கம்ப்யூட்டர் அறையில் நானும் ஜோசப்பும். இருவருமே தற்காலிகம். ஒருவருக்குத்தான் வேலை நிரந்தரமாகும் என்று முதலாளி முன்பே சொல்லிவிட்டார். (அறையில் நிரந்தரமாக இருந்தது ஏசி மட்டும். அதுவும் கம்ப்யூட்டருக்காக!)

உலை எவ்வளவு வெப்பத்தை இழக்கிறது என்று கணக்கிடும் ஃபங்ஷனை, அதாவது புரோகிராமின் ஒரு துண்டை, ஜோசப் ஃபோர்ட்ரான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதினார். நான் 'சி' மொழியில் எழுதிய புரோகிராம் அந்த ஃபங்ஷனையே ஆர்குமென்ட்டாக, அதாவது உள்ளீடாக, வாங்கி, வெவ்வேறு வெப்பநிலைகளைக் கொடுத்துத் திரும்பத் திரும்பக் கூப்பிட வேண்டும்.

தனித்தனியாக ஓட்டினால் இரண்டும் சரி. சேர்த்து ஓட்டினால், எரிகிற உலை மைனஸ் நாற்பது டிகிரி!

"ஐஸ் ஃபேக்டரிக்கு வித்துடலாம் மேடம்," என்றார் ஜோசப்.

அவர் சிரிக்கவில்லை. அவர் அப்பா ரிட்டயர் ஆகும் நேரம். ஆவடி குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும்.

மதியம் சாப்பிட்டு வந்த பிறகு பிடிபட்டது. 'சி' எண்ணையே அனுப்பும். ஃபோர்ட்ரானோ, அந்த எண் மெமரியில் இருக்கும் முகவரியை எதிர்பார்க்கும். நான் அனுப்பிய வெப்பநிலையை முகவரி என்று நினைத்து, அவர் ஃபங்ஷன் எங்கோ போய், கிடைத்ததை எடுத்து வந்திருக்கிறது.

அவர் எழுதியதும் சரி. நான் எழுதியதும் சரி. கைமாறும் இடத்தில்தான் கோளாறு.

எண்ணை வாங்கிக்கொண்டு முகவரியைக் கொடுக்கும் குட்டி ஃபங்ஷன் ஒன்றை 'சி'யில் எழுதி நடுவில் வைத்தேன்.

உலை சூடானது!

எங்கள் ஆபீஸில் ஒரு வழக்கம். யார் ஃபைலைத் திருத்தினாலும் ஃப்ளாப்பி லேபிளில் பெயர் எழுத வேண்டும். எழுதினேன்.

முதலாளி வந்து லேபிளைப் பார்த்தார்.

"இன்னாம்மா, உன் பேரு கீது? அப்ப தப்பு உன்னுதா?"

"சார், அது வந்து..." என்றார் ஜோசப்.

"நீ சும்மா இருப்பா. அந்தப் பொண்ணத்தான கேக்கறேன்."

விளக்கியிருக்கலாம். உடனே, "அப்ப இவனுதா?" என்றுதான் கேட்பார். அறையில் இருப்பது இரண்டே பேர். மூன்றாவதாக ஓர் இடத்தில் தப்பு இருக்கும் என்று அவருக்குத் தோன்றாது.

"இப்ப சரியாயிடுச்சு சார்," என்றேன்.

அடுத்த மாதம் ஜோசப்புக்கு வேலை நிரந்தரமானது. நான் கிண்டியில் வேறு கம்பெனிக்குப் போனேன்.