ஓம வாட்டர் கம்பெனியில் ஒரு தொட்டில் அறை

எழுபதுகளின் கடைசியில் திருவாண்டார்கோயிலுக்குப் பக்கத்தில் ஓம வாட்டர் செய்கிற கம்பெனி ஒன்று இருந்தது. வில்லியனூர் கடைத்தெருவில் மருந்துக்கடை வைத்திருந்த முஸ்லிம் குடும்பத்தின் மூத்த பிள்ளைதான் முதலாளி. எல்லோரும் அவரை பாய் என்று கூப்பிடுவார்கள். பாய்லரிலும் மூட்டை தூக்குவதிலும் ஆண்கள் இருந்தார்கள். மற்ற வேலையெல்லாம் பெண்களுடையது. நீளமான மேசையின் ஒரு முனையில் பாட்டில் கழுவுவார்கள். அது கை மாறிக் கை மாறிப் போய், நிரப்பி, மூடி போட்டு, லேபிள் ஒட்டி, மறுமுனையில் அட்டைப்பெட்டிக்குள் இறங்கும்.

பெண்கள் முப்பது பேருக்கு மேல் வேலை செய்கிற தொழிற்சாலையில் அவர்களுடைய சின்னக் குழந்தைகளுக்கு ஓர் அறையும், பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் இருக்க வேண்டும் என்று அப்போது சட்டம் மாறியிருந்தது. முன்பெல்லாம் ஐம்பது பேருக்கு மேல் இருந்தால்தான் அந்தக் கட்டாயம். பாயின் கம்பெனி ஐம்பதைத் தொட்டதில்லை. ஆனால் முப்பதைத் தாண்டியிருந்தது. இன்ஸ்பெக்டர் வந்து சொல்லிவிட்டுப் போன மறுநாள் பாய் பெண்களையெல்லாம் கூப்பிட்டுப் பேசினாராம். இது நான் சேர்வதற்கு முன்பு நடந்தது. பிறகு பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

"கடைசியா வந்தவங்க கொஞ்ச பேரு வேலைய வுட்டு நின்னுக்குங்கம்மா. ரூமு ஒதுக்கி ஆளு போட்டா எனக்குக் கட்டாது" என்றாராம்.

கடைசியாக வந்தவர்கள் பாயைத் திட்டவில்லை. சட்டத்தைத்தான் திட்டினார்கள். "கொழந்தைக்கு நல்லது பண்றேன்னு சொல்லிட்டு ஆத்தா சோத்தப் புடுங்கறாங்க" என்று ஒருத்தி அழுதாளாம். பாட்டில் கழுவுகிறவர்களில் மூத்தவள் முன்னால் வந்து, "எங்கள மாதிரி கெழவிங்கள கணக்குல சேக்காத பாய். எங்க வயத்துல இனிமே இன்னா பொறக்கப் போவுது?" என்று கேட்டிருக்கிறாள். அழுதவர்களும் சிரித்துவிட்டார்கள். சட்டத்தில் அப்படிக் கழிப்பதற்கு வழி இல்லை.

பாய் யாரையும் நிறுத்தவில்லை. மனம் இளகி அப்படிச் செய்தார் என்று சொல்ல மாட்டேன். மழைக்கு முன்னால் கடலூர்க் கடைகளுக்கு நிறைய சரக்கு அனுப்ப வேண்டியிருந்தது. கை பழகிய பெண்களை அந்த நேரத்தில் விட்டால் சரக்கு போகாது. கோணிப்பையும் வைக்கோலும் அடைந்து கிடந்த ஓர் அறையைக் காலி செய்து வெள்ளையடித்தார். உத்தரத்தில் தூளி கட்டக் கயிறு விட்டார். குழந்தை வளர்ப்பில் பயிற்சி பெற்றவள்தான் வேண்டும் என்று இன்ஸ்பெக்டர் சொல்லியிருந்ததால் ஆள் தேடினார்.

நான் திருபுவனைப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் காலனிப் பெண். பள்ளிப் படிப்பை முடித்து, பாலசேவிகா பயிற்சியும் முடித்து, அரசாங்க வேலைக்குப் பதிந்துவிட்டு, அம்மாவோடு நாற்று நடப் போய்க்கொண்டிருந்தேன். எங்கள் தெருக்காரர் ஒருவர் அந்தக் கம்பெனியில் பாய்லர் பார்த்தார். அவர்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். பாய் என் சர்டிபிகேட்டைப் பார்த்துவிட்டு, "நாளைக்கே வந்துடுமா" என்றார். எங்கள் பக்கம் ஆயா என்றால் பாட்டி. குழந்தை பார்க்க வந்தவளுக்கும் அதே பெயர்தான். இருபது வயது கடந்ததுமே நான் கம்பெனிக்கு ஆயாவாகிவிட்டேன்.

ஆனால் அறைக்கு ஒரு குழந்தையும் வரவில்லை.

பாய்லர் சத்தத்தில் பிள்ளை தூங்காது என்றார்கள். இத்தனை பேர் கண்ணும் பட்டுவிடும் என்றார்கள். உண்மைக் காரணத்தைக் குழாயடியில் கேட்டேன். நான் கதவுக்குப் பின்னால் குடம் வைத்துக்கொண்டு நின்றது அவர்களுக்குத் தெரியாது. "காலனிப் பொண்ணு கையால பச்சப் புள்ளைக்குத் தண்ணி குடுக்கறதா? வூட்ல ஒத்துக்குவாங்களா?" என்றது ஒரு குரல். யாரும் மறுத்துப் பேசவில்லை. நான் குடத்தை எடுத்துக்கொண்டு அறைக்குத் திரும்பி, ஆடாத தூளிகளுக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன்.

சில வாரங்களில் அட்டைப்பெட்டிகள் ஒரு மூலைக்குத் திரும்பி வந்தன. பிறகு பாதி அறையை அடைத்தன. "சும்மா ஒக்காந்துகினு இருக்காத, இந்த லேபிளையாவது ஒட்டு" என்று பாய் லேபிள் கட்டு ஒன்றைப் போட்டுவிட்டுப் போனார். இன்ஸ்பெக்டர் கண்ணுக்காக வைத்திருக்கிற ஆள் நான் என்று புரிந்தது. என்றைக்கு வேண்டுமானாலும் போகச் சொல்லிவிடுவார் என்ற பயத்தோடு லேபிள் ஒட்டினேன்.

மேசையில் மூடி போடுகிறவளுக்கு ஆறு மாதப் பெண் குழந்தை இருந்தது. அவளுடைய புருஷனுக்கு அப்போது வேலை இல்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டுக்கு வருவான். அவள் வேப்பமரத்தடியில் திரும்பி உட்கார்ந்து பால் கொடுத்துவிட்டு ஓடி வருவாள். மற்ற நேரத்தில் பால் கட்டி ரவிக்கை நனைந்துவிடும். மேல்துண்டை இறுக்கிக்கொண்டு மூடி போடுவாள். கரும்பு வெட்டு ஆரம்பித்ததும் புருஷன் பாகூர்ப் பக்கம் வேலைக்குப் போய்விட்டான். வீட்டில் வேறு யாரும் இல்லை.

மறுநாள் காலையில் அவள் குழந்தையோடு அறை வாசலில் நின்றாள். ஊர்த்தெருக்காரி. என் முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

"தண்ணி நானே காய்ச்சி எடுத்துனு வந்துகீறேன். இதையே குடு. வேற குடுக்காத."

"சரிக்கா. உன் தண்ணியே குடுக்கறேன்" என்றேன்.

குழந்தையை வாங்கிக்கொண்டேன். நல்ல கனமான குழந்தை. தூளியில் போட்டதும் என் விரலைப் பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டது. அன்று சாயங்காலம் வரைக்கும் எனக்கு லேபிள் ஒட்ட நேரமில்லை.

முதல் தகராறு பால் கொடுப்பதில் வந்தது. நடுவில் அவள் எழுந்து போனால் மேசையில் பாட்டில் தேங்கியது. பாய் கத்தினார். "ரூமு குடுக்கச் சொன்னாங்க, குடுத்தேன். இப்ப வேலையையும் நிறுத்தணுமா?" அடுத்த முறை வந்த இன்ஸ்பெக்டர், நடுவில் பால் கொடுக்க விடுவதும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது என்று அமைதியாகச் சொன்னார். பாய் இரண்டு நாள் முறைத்துக்கொண்டே மேசையைச் சுற்றி வந்தார். பிறகு, கடைசியாகச் சேர்ந்து வேலை போய்விடும் என்று அழுதாளே, அவளை மாற்றாளாகப் போட்டார். யார் எழுந்து போனாலும் அந்த இடத்தில் அவள் உட்காருவாள். கழுவுவது முதல் பெட்டி கட்டுவது வரை எல்லா வேலையும் அவளுக்குக் கைவந்தது. பின்னால் அந்த மேசைக்கே அவள்தான் மேஸ்திரி.

தண்ணீர் விஷயம் ஒரு வெயில் நாளில் தீர்ந்தது. காய்ச்சிக் கொண்டுவந்த தண்ணீர் மதியத்துக்குள் தீர்ந்து, குழந்தை அழுதது. நான் அதைத் தூக்கிக்கொண்டு மேசைக்கே போனேன். எல்லாப் பெண்களும் இருந்தார்கள்.

"அக்கா, தண்ணி ஆயிடுச்சு. எங்கொடத்துத் தண்ணியக் காய்ச்சி குடுக்கட்டா?"

அத்தனை கைகளும் நின்றன. அவள் மட்டும் நிறுத்தாமல் மூடி போட்டுக்கொண்டிருந்தாள்.

"குடேன். இதப் போயி கேட்டுகினு நிக்கிற. கொழந்த அழுவுது பாரு."

அவ்வளவுதான் சொன்னாள். அவளுக்கு அன்று அவள் தெருவில் என்ன பேச்சு விழுந்தது என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் தைரியம் வரவில்லை. ஆனால் அடுத்த வாரம் லேபிள் ஒட்டுகிறவள் தன் பையனைக் கொண்டுவந்தாள். பனித்திட்டிலிருந்து திருபுவனைக்குக் கட்டிக்கொடுத்த பெண் ஒருத்தி இரட்டைக் குழந்தைகளோடு வந்தாள். மழைக்காலம் வருவதற்குள் அட்டைப்பெட்டிகளை வெளியே எடுக்க வேண்டியதாயிற்று. பாய் தானே நின்று எடுக்கச் சொன்னார்.

அவர் கணக்கு வேறு மாதிரி போயிருந்தது. முன்பெல்லாம் பிள்ளை பெறப் போகிறவள் திரும்பி வர மாட்டாள். புதியவள் வந்து கை பழகுவதற்குள் பாட்டில் உடையும், மூடி கோணிப்போகும். இப்போது போனவர்கள் திரும்பி வந்தார்கள். பக்கத்துக் கம்பெனிக்காரர் ஒருவர் இந்தச் சட்டத்தைப் பற்றிப் புலம்பியபோது, பாய் டீயை ஆற்றிக்கொண்டே, "செலவுதான். ஆனா ஆளு நிக்குது" என்றார். சட்டத்தைப் பற்றி அவர் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே நல்ல வார்த்தை அது.

மதியத்தில் அறை வாசல்வரை வருவார். செருப்போடு உள்ளே வர மாட்டார், கழற்றவும் மாட்டார். அங்கேயே நின்று தூளிகளைப் பார்த்துவிட்டுப் போவார். குழந்தைகளுக்குப் பால் வாங்கச் சொன்னபோது முணுமுணுத்தார், ஆனாலும் ஒரு நாளும் பால் நிற்கவில்லை. ரம்ஜானுக்கு அவர் வீட்டம்மா எல்லாக் குழந்தைக்கும் சட்டை தைத்து அனுப்புவார். அதைச் சட்டம் கேட்கவில்லை.

எனக்குக் கல்யாணமாகி என் மகள் பிறந்தபோது, ஆயாவுக்கு யார் ஆயா என்று கம்பெனியில் கிண்டல் செய்தார்கள். பாட்டில் கழுவும் மூத்தவள் நான் வரும்வரை அறையைப் பார்த்துக்கொண்டாள். விடுப்பு நாட்களுக்கும் எனக்குக் கூலி வந்தது. எங்கள் தெருவில் அதற்கு முன் படுத்திருந்த நாளுக்குக் கூலி வாங்கிய பெண் இல்லை. அம்மா அதை நம்பவே இல்லை. பாய்லர்காரரைக் கேட்டு உறுதி செய்துகொண்டாள். அவள் எங்களையெல்லாம் பெற்ற சில நாட்களிலேயே வயலில் இறங்கியவள். அன்று என் பக்கத்தில் உட்கார்ந்து, "நீ படு. யாரும் கூப்ட மாட்டாங்க" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சில வருடங்கள் கழித்து அரசாங்கப் பால்வாடியில் எனக்கு வேலை வந்தது. சொல்லிக்கொள்ளப் போனேன். நன்றி சொல்ல வார்த்தையெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். நான் ஆரம்பித்ததும் பாய் கையைக் காட்டி நிறுத்தினார்.

"எனக்கெதுக்குமா நன்றி? அந்த இன்ஸ்பெக்டர் வரலன்னா நான் உன்ன கூப்ட்டிருக்கவே மாட்டேன். உள்ளத சொல்லணும் இல்ல."

"கூப்ட்ட பொறவு போவச் சொல்லலியே பாய், அதுக்குத்தான்" என்றேன்.

அவர் மேசையில் இருந்த காலி பாட்டிலை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு, "உன்ன மாதிரியே ஒரு ஆளப் பாத்துக் குடுத்துட்டுப் போ" என்றார்.

எங்கள் தெருவிலேயே பயிற்சி முடித்த பெண் ஒருத்தி இருந்தாள். அடுத்த திங்கட்கிழமை கூட்டிக்கொண்டு போனேன். அறை வாசலில் நான்கைந்து பெண்கள் இடுப்பில் குழந்தையோடு வேலைக்கு நேரமாகிறது என்று நின்றார்கள். முன்னால் நின்றவள் அவளை எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்கவில்லை. "இதுக்குச் சளி புடிச்சிகீது, காத்துல போடாத" என்று சொல்லிக் குழந்தையை அவள் கையில் கொடுத்துவிட்டு மேசைக்கு ஓடினாள்.